3,11,000 கிமீ-ல ராடு பேரிங் போன லாரி: வாரண்டி தாண்டின பிறகு கம்பெனி உதவி கிடைச்ச ஒரு நிகழ்வு ஆய்வு

இதுல வர்ற ஓனர், டிரைவர், டீலர், கம்பெனி யாரோட பேரையும் போடல. நான் ஓனர் பக்கம் உட்கார்ந்து பேப்பரையும் கழட்டின பாகங்களையும் பார்த்துக் குடுத்தவன், அதனால டீலர் பக்கத்து நியாயம் முழுசா இதுல வந்திருக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா அவங்க காட்டின டேட்டாவ மறைக்காம எழுதியிருக்கேன்.

வண்டி, ஓட்டம், வாரண்டி

ஓனர்கிட்ட ஒரே மாடல்ல நாலு லாரி, நாலும் ஒண்ணா எடுத்தது. 6 சிலிண்டர் காமன் ரயில் டீசல் எஞ்சின், டர்போ, எக்ஸாஸ்ட் புகையில ஒரு பங்க திரும்ப எஞ்சினுக்குள்ள விடுற ஈஜிஆர், சைலன்சருக்குள்ள கரிய பிடிச்சு வைக்கிற டிபிஎஃப், எல்லாம் இருக்கிற வண்டி. எடுத்து 2 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகியிருந்துச்சு, மீட்டர்ல 3,11,000 கிமீ. எஞ்சினுக்கு வாரண்டி 3 வருஷம் இல்லன்னா 3 லட்சம் கிமீ, எது முதல்ல வருதோ அது. வருஷக் கணக்குல பார்த்தா வாரண்டி இருக்கு, கிலோமீட்டர் கணக்குல பார்த்தா 11,000 தாண்டிப் போச்சு. இந்த சைஸ் எஞ்சின் ஒழுங்கா ஆயில் மாத்தி ஓட்டினா 8 லட்சம், 10 லட்சம்னு பிரிக்காம ஓடுறது சாதாரணம், அதனால 3 லட்சத்துல ராடு பேரிங், அதாவது பிஸ்டனோட ராடு கிராங்க் ஷாஃப்ட்ட பிடிக்கிற இடத்துல இருக்கிற பேரிங், போறதுங்கிறது யாரும் தேய்மானம்னு ஒத்துக்குற விஷயம் இல்ல.

நாலு வண்டியும் முதல்ல தொலைதூர ஓட்டம்தான். அப்புறம் ஒரு புது கான்ட்ராக்ட் வந்ததுல ரெண்டு வண்டிய மட்டும் கிட்ட ஓட்டத்துக்கு மாத்தினாங்க, அதாவது லோடு ஏத்துற இடத்துல மணிக்கணக்கா எஞ்சின் ஓடிக்கிட்டே நிக்கிறது, கொஞ்ச தூரம் போய் இறக்குறது, திரும்ப வந்து நிக்கிறது. எஞ்சின் போன வண்டி அந்த ரெண்டுல ஒண்ணு. இத ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி இதுதான் பெரிய பேச்சாச்சு.

சர்வீஸ் எல்லாமே கம்பெனி டீலர்கிட்டதான். 15டபிள்யூ-40 ஆயில், ஒரிஜினல் பில்டர், கம்பெனி புக்ல சொன்ன 40,000 கிமீ இடைவெளி, ஒண்ணுகூட தவறல. பில்லும் ஜாப் கார்டும் ஃபைல்ல இருந்துச்சு.

முன்னாடியே தெரிஞ்ச ஒரு அறிகுறி

2,64,000 கிமீ சர்வீஸ்ல வண்டிய விடும்போது டிரைவர் ஒரு புகார் எழுதச் சொல்லியிருக்காரு: "ஆயில் கேஜ்ல மேல் கோட்டுக்கு மேல ஆயில் நிக்குது." சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டுல அதையும் எழுதி, பக்கத்துல "ஆயில் அதிகமா ஊத்தப்பட்டிருக்கு, புது ஆயில் அளவா ஊத்தி சரி பண்ணியாச்சு"ன்னு எழுதி முடிச்சுட்டாரு. அப்போ வாரண்டி இருந்துச்சு. இதுல வேடிக்கை என்னன்னா அதுக்கு முந்தின தடவை ஆயில் ஊத்தினதும் அதே டீலர்தான், நடுவுல யாரும் ஒரு சொட்டு டாப்-அப் பண்ணல. 40,000 கிமீ ஓடின எஞ்சின்ல ஆயில் கொஞ்சமாவது குறையணும், கூடவே கூடாது. கூடுதுன்னா வேற ஏதோ திரவம் உள்ள போகுதுன்னு அர்த்தம், ஒண்ணு கூலன்ட், இல்லன்னா டீசல்.

ஓனருக்கு இது அப்போ தெரியாது. டிரைவரும் அதுக்கப்புறம் பெருசா எடுத்துக்கல, ஏன்னா ஆயில் குடிக்காத எஞ்சின் நல்ல எஞ்சின்னுதான் எல்லாரும் நினைக்கிறோம், கேஜ்ல ஆயில் குறைஞ்சா பயப்படுறவங்க அது ஏறினா சந்தோஷப்படுறாங்க.

அடுத்த சர்வீஸ் 3,04,000-ல நடந்துச்சு. அதுக்கப்புறம் சில நாள் ஐடில்ல நிக்கும்போது மட்டும் மஞ்சள் லைட்டு வந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தா போயிடுச்சாம். டிபிஎஃப் லைட்டுதான் அடிக்கடி வருமே, அதுவா இருக்கும்னு டிரைவர் விட்டுட்டாரு.

எஞ்சின் நின்ன நாள்

லோடோட ஏத்தத்துல போயிட்டு இருக்கும்போது சிவப்பு லைட்டு, பஸ்ஸர், கூடவே கீழ இருந்து "டக் டக்"னு அடிக்கிற சத்தம். டிரைவர் ஓரத்துல போட்டு உடனே ஆஃப் பண்ணிட்டாரு. ஓனருக்கு போன் போட்டு, "அண்ணே, உள்ள எதுவோ அடிக்குதுண்ணே, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி சத்தத்தக் கேட்டு சொல்லவா"ன்னு கேட்டிருக்காரு. ஓனர், "வேணாம் தம்பி, சாவியவே எடுத்துடு, வண்டி வந்து இழுத்துட்டுப் போகும்"னு சொல்லிட்டாரு.

இந்த ரெண்டு வரி போன் பேச்சுலதான் கேஸ் பாதி நின்னுச்சுன்னு எனக்குத் தோணுது. பேரிங் அடிக்கிற எஞ்சின இன்னொரு தடவை ஓட்டினா ராடு உடைஞ்சு பிளாக்க கிழிச்சுட்டு வெளிய வரும், அப்புறம் எது காரணம் எது விளைவுன்னு யாராலயும் சொல்ல முடியாது, கம்பெனி ஆளும் "லைட்டு எரிஞ்ச பிறகும் ஓட்டிட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாரு. இங்க பிளாக் முழுசா இருந்துச்சு, சாட்சி எல்லாம் எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கிற சம்ப்புக்குள்ள பத்திரமா இருந்துச்சு.

லோடை வேற வண்டிக்கு மாத்தி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்ட கழட்டிட்டு, லாரிய டீலர் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போனாங்க.

கை வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்த முடிவுகள்

ஒர்க்‌ஷாப்ல வழக்கமா நடக்கிறது என்னன்னா, வண்டி வந்த உடனே ஆயில வடிச்சு டிரம்ல ஊத்துவாங்க, பேட்டரிய கழட்டுவாங்க, எஞ்சின இறக்கிடுவாங்க. ஓனர் அதுக்கு சம்மதிக்கல. ஜாப் கார்டுலயே கையால எழுதினாரு: ஓனரோ அவரு ஆளோ இல்லாம ஆயில் வடிக்கக் கூடாது, ஈசியூ-ல, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர்ல, இருக்கிற எர்ரர் கோடு அழிக்கக் கூடாது, கழட்டின எந்த பாகத்தையும் ஸ்கிராப்புல போடக் கூடாது. சர்வீஸ் மேனேஜர் முகம் சுளிச்சாலும் கையெழுத்து போட்டாரு.

முதல்ல ஸ்கேனர் போட்டு கோடு, அதோட ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோடு விழுந்த நேரத்துல எஞ்சின் இருந்த நிலையோட பதிவு) எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்தோம். கோடுல எஸ்பிஎன்ங்கிறது எதுல பழுதுங்கிற நம்பர், எஃப்எம்ஐங்கிறது என்ன மாதிரி பழுதுங்கிற நம்பர். எஸ்பிஎன் 100, அதாவது ஆயில் பிரஷர். எஃப்எம்ஐ 18 பல தடவை பதிவாயிருந்துச்சு, அது "குறைவு, நடுத்தர அளவு", எல்லாமே எஞ்சின் சூடா ஐடில்ல இருந்தப்போ. டிரைவர் பார்த்த மஞ்சள் லைட்டு இதுதான். கடைசியா எஃப்எம்ஐ 1, "குறைவு, கடுமையான அளவு", அதுல இருந்து எஞ்சின் ஆஃப் ஆனது ஒரு நிமிஷத்துக்குள்ளன்னு பதிவு காட்டுச்சு. டிரைவர் சொன்னத நம்பணுமா வேணாமான்னு யாரும் வாதாட வேண்டிய தேவையே இல்லாம போச்சு.

அடுத்து ஆயில் சாம்பிள். கேஜ் குழாய் வழியா ஒரு சின்ன பம்ப் வச்சு உறிஞ்சி மூணு பாட்டில், மூணுலயும் ரெண்டு தரப்பு கையெழுத்து போட்டு சீல்: ஒண்ணு வெளி லேபுக்கு, ஒண்ணு டீலருக்கு, ஒண்ணு ஓனர் கையில. டேங்க்ல இருந்து டீசலும் எடுத்தோம். ஏன்னா "கலப்பட டீசல் போட்டிருக்கீங்க"ங்கிறது எல்லா எஞ்சின் கேஸ்லயும் வர்ற பதில், அந்த டேங்க் டீசல் இருக்கும்போதே அத சோதிச்சாத்தான் உண்டு.

அப்புறம் வடிச்ச ஆயில அளந்தோம். போன சர்வீஸ் பில்லுல ஊத்தினது 34 லிட்டர். வடிஞ்சது 37 லிட்டருக்கு மேல. ஆயில் மாத்தி 7,000 கிமீ-தான் ஆகியிருந்துச்சு.

பிரிக்கிறதுக்கு டீலர் நீட்டின பேப்பர்ல, வாரண்டி இல்லன்னு முடிவானா பிரிச்சு மாட்டுற கூலி முழுசும் ஓனர் பொறுப்புன்னு இருந்துச்சு. இது எல்லா இடத்துலயும் இருக்கிற விதிதான், அதுல சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஆனா எவ்வளவு பிரிக்கணும்ங்கிறத நாம சொல்லலாம். ஓனர் முதல் கட்டத்துக்கு மட்டும் கையெழுத்து போட்டாரு: எஞ்சின இறக்காம வண்டியிலயே வச்சு சம்ப்ப கழட்டி ராடு கேப்ப மட்டும் எடுத்துப் பார்க்கிறது. கூலி கொஞ்சம்தான் ஆகும், விஷயம் பாதிக்கு மேல அங்கயே தெரிஞ்சிடும்.

சம்ப்புக்குள்ள பார்த்தது, லேப் சொன்னது

ஆறு ராடு பேரிங்லயும் மேல் பூச்சு போயி செம்பு நிறம் தெரிஞ்சுச்சு, அஞ்சாம் நம்பர் பேரிங் உருகி கிராங்க்ல ஒட்டிக்கிச்சு. பேரிங்ங்கிறது இரும்பு முதுகு, அதுக்கு மேல செம்பு கலந்த ஒரு அடுக்கு, அதுக்கு மேல மெல்லிசா ஒரு மெத்துப் பூச்சு. ஒரே ஒரு பேரிங் மட்டும் போயிருந்தா அந்த ஜர்னல்ல (கிராங்க்ல பேரிங் உட்கார்ற இடம்) ஆயில் ஓட்டை அடைச்சிருக்கலாம், ராடு போல்ட்டு டைட் தப்பா இருக்கலாம்னு யோசிக்கலாம். ஆறும் ஒரே மாதிரி தேஞ்சிருக்குன்னா ஆயிலே பலமில்லாம இருந்திருக்குன்னுதான் அர்த்தம். ஆயில் பில்டர வெட்டி மடிப்ப விரிச்சுப் பார்த்தோம், செம்பு நிறத்துல பொடி மின்னுச்சு. ஆயில் பம்ப்பும் ரிலீஃப் வால்வும் நல்லாத்தான் இருந்துச்சு.

லேப் ரிப்போர்ட்டும் அதத்தான் சொல்லுச்சு. 15டபிள்யூ-40-ல இருக்கிற அந்த 40, அதாவது எஸ்ஏஇ 40 ஆயிலோட பிசுக்கு 100 டிகிரியில 12.5-ல இருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள இருக்கணும். இதுல 9.8. ஃப்ளாஷ் பாயிண்ட் (ஆயில் ஆவி தீப்பிடிக்கிற சூடு) நல்லா இறங்கியிருந்துச்சு, டீசல் கலப்பு 9 சதவீதம். 5 சதவீதம் தாண்டினாலே வண்டிய நிறுத்திப் பாருன்னு சொல்ற அளவு. செம்பு, ஈயம், வெள்ளீயம் மூணும் ஏறியிருந்துச்சு, அது பேரிங் கரைஞ்சதால. சோடியம், பொட்டாசியம் ஏறல, அதனால கூலன்ட் கலக்கலன்னு தெரிஞ்சுச்சு. டேங்க் டீசல்ல குறை எதுவும் இல்ல.

டீலர் குடுத்த முதல் பதில்

எழுத்துல வந்த பதில் மூணு வரி: கிலோமீட்டர் வாரண்டி முடிஞ்சிருச்சு, ஆயில்ல சிலிக்கான் கூடுதலா இருக்கிறதால ஏர் பில்டர் பராமரிப்பு சரியில்ல, தூசி உள்ள போயிருக்கு, முழு எஞ்சின் வேலைக்கு எஸ்டிமேட் இணைச்சிருக்கோம். அந்த எஸ்டிமேட் தொகையப் பார்த்துட்டு ஓனர் அன்னைக்கு பழைய எஞ்சின் ஒண்ணு வாங்கிப் போட்டுரலாமான்னுதான் கேட்டாரு. ரெண்டு வாரம் பொறுங்கன்னு சொன்னேன்.

தூசி கதை நிக்காதுங்கிறதுக்கு காரணம் இருந்துச்சு. மண்ணுத் தூசியில சிலிக்காவும் இருக்கும் அலுமினாவும் இருக்கும், அதனால தூசி உள்ள போனா சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து ஏறும், லைனர் (சிலிண்டரோட உள்சுவர்), ரிங் தேஞ்சு இரும்பும் ஏறும். இதுல சிலிக்கான் மட்டும்தான் லேசா ஏறியிருந்துச்சு. அது கேஸ்கெட் பேஸ்ட்ல இருந்தும் வரும். பில்டருக்குப் பின்னாடி டர்போவுக்குப் போற ஹோஸ்க்குள்ள வெள்ளத்துணி விட்டுத் துடைச்சோம், துணியில மண்ணு படல. டர்போ கம்ப்ரசர் வீலோட பிளேடு ஓரம் கூர்மையா அப்படியே இருந்துச்சு, தூசி தின்னா முதல்ல மழுங்குறது அந்த ஓரம்தான். எல்லாத்தையும் போட்டோ எடுத்தாச்சு.

ஆக கேள்வி ஒண்ணுதான்: டீசல் எப்படி ஆயிலுக்குள்ள போச்சு?

வழி நாலஞ்சு இருக்கு. ஹை பிரஷர் பம்ப்போட ஷாஃப்ட் சீல் ஒழுகலாம். டீசல் வழி ஹெட்டுக்குள்ளயே ஓடுற எஞ்சின்ல இன்ஜெக்டர் ஓ-ரிங் போகலாம். இன்ஜெக்டர் நாசில் சரியா மூடாம சொட்டலாம், 2,000 பார் சுத்தி பிரஷர் நிக்கிற ரயில்ல (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் குடுக்குற பொதுக் குழாய்) நுனி கொஞ்சம் கசிஞ்சாலும் அது லைனர் சுவர் வழியா இறங்கி சம்ப்புக்குப் போயிடும். இன்னொண்ணு டிபிஎஃப் ரீஜென். கரிய எரிக்க சைலன்சர் உள்ள 600 டிகிரி கிட்ட சூடு வேணும், அந்த சூட்டுக்காக சில எஞ்சின்ல பிஸ்டன் கீழ இறங்குற நேரத்துல பிந்தி ஒரு தடவை டீசல் அடிப்பாங்க, அதுல ஒரு பங்கு சுவர்ல பட்டு ஆயில்ல சேரும். இந்த எஞ்சின் அந்த ரகம், எக்ஸாஸ்ட்ல தனியா டீசல் அடிக்கிற அமைப்பு இதுல இல்ல.

கம்பெனிக்கு எழுதினது

டீலர்கிட்ட திரும்பத் திரும்ப பேசுறத நிறுத்திட்டோம். டீலருக்கு குட்வில், அதாவது வாரண்டி கடமை இல்லாதப்பவும் கம்பெனி தானா பண்ற உதவி, குடுக்குற அதிகாரம் ஒரு அளவுக்கு மேல கிடையாது, கோபப்பட்டா அவரும் கதவ மூடிக்குவாரு, நாளைக்கு வேலை அவர்கிட்டதான் நடக்கணும். அதனால கம்பெனியோட வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஏரியா சர்வீஸ் இன்ஜினியருக்கும் ஒரே கடிதம், டீலருக்கு நகல்.

ஓனர் முதல்ல எழுதினது நாலு பக்கம், முழுக்க நஷ்டக் கணக்கு, வண்டி நிக்குது, தவணை கட்டணும், இனிமே உங்க வண்டியே வாங்க மாட்டேன்னு. அத ஒரு பக்கமா குறைச்சோம். வண்டி நம்பர், எஞ்சின் நம்பர், கிலோமீட்டர், சர்வீஸ் பட்டியல். அப்புறம் அஞ்சு உண்மை: 2,64,000-ல வாரண்டிக்குள்ளயே ஆயில் ஏறுறது எழுத்துல புகார் ஆகியிருக்கு, காரணம் தேடாம ஆயில மாத்தி மூடியிருக்காங்க, மாத்தி 7,000 கிமீ-லயே 9 சதவீதம் டீசல், ஆயில் பம்ப்ல குறை இல்ல, தூசிக்கு ஆதாரம் இல்ல. கடைசியா ரெண்டு கோரிக்கை: ஆறு இன்ஜெக்டரையும் ஹை பிரஷர் பம்ப்பையும் ரெண்டு தரப்பும் இருக்கும்போது பெஞ்சுல சோதிக்கணும், இந்த எஞ்சின் நம்பர் வரிசைக்கு இன்ஜெக்டர் சம்பந்தமா சர்வீஸ் அறிவிப்பு ஏதாவது இருந்தா சொல்லணும். பணம்னு ஒரு வார்த்தை அதுல இல்ல, வேணும்னேதான். ஏன்னா பணம் கேட்டா வர்ற பதில் "இல்ல", சோதனை கேட்டா "இல்ல"ன்னு எழுதுறது அவங்களுக்கும் கஷ்டம்.

பார்ட்ஸ் கேட்டலாக்ல பார்த்தப்போ அந்த இன்ஜெக்டரோட பழைய நம்பர் நிறுத்தப்பட்டு புது நம்பர் வந்திருந்துச்சு. நம்பர் மாறுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், சப்ளையர் மாறினாலே மாறும், அதனால அத ஆதாரம்னு எழுதல, கேள்வியா மட்டும் கேட்டோம்.

ஏரியா இன்ஜினியர் வர்றேன்னு பதில் வந்துச்சு.

இன்ஜெக்டர் சோதனையும், கம்பெனி காட்டின டேட்டாவும்

பெஞ்சுல நாலாவதும் அஞ்சாவதும் தெளிவா சொட்டுச்சு, ரிட்டர்ன் (இன்ஜெக்டர்ல இருந்து திரும்பிப் போற டீசல்) அளவும் மத்த நாலை விட கூடுதல். ஹை பிரஷர் பம்ப் சீல் நல்லா இருந்துச்சு. ஹெட்ட எடுத்தப்போ நாலு, அஞ்சு லைனர்ல மட்டும் ஒரு பக்கம் ஹோனிங் கோடு (ஆயில் பிடிச்சு நிக்க சுவர்ல கீறியிருக்கிற மெல்லிய கோடு) அழிஞ்சு கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு, பிஸ்டன் தலையில அதே பக்கம் கழுவி விட்ட தடம். மத்த நாலு லைனர்ல கோடு புதுசு மாதிரி.

ஓனர் ஜெயிச்சாச்சுன்னு நினைச்சாரு. அப்போதான் ஏரியா இன்ஜினியர் லேப்டாப்ப திருப்பிக் காட்டினாரு. கிட்ட ஓட்டத்துக்கு மாத்தின நாள்ல இருந்து ஐடில் நேரம் மொத்த ஓட்ட நேரத்துல பாதிக்கு வந்திருக்கு, ரீஜென் ஆரம்பிச்சு முடியாம நின்னது வரிசையா பதிவாயிருக்கு, பல தடவை ரீஜென் நிறுத்துற சுவிட்ச் அழுத்தியிருக்காங்க. "சார், ஒவ்வொரு தடவை பாதியில நிக்கும்போதும் அடிச்ச டீசல் ஆயில்லதான சேரும், இத நாங்க எப்படி கம்பெனி குறைன்னு எடுத்துக்குறது"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. டிரைவர கேட்டதுல, லோடு ஏத்துற இடத்துல எக்ஸாஸ்ட்ட சூடாக விடக் கூடாதுன்னு கேட்ல இருக்கிறவங்க சுவிட்ச அழுத்தச் சொல்வாங்கன்னு ஒளிக்காம சொன்னாரு.

ஓனர் அங்கயே வாக்குவாதம் பண்ணப் போனாரு. அத நிறுத்திட்டு, அதே கான்ட்ராக்ட்ல அதே இடத்துக்கு ஓடுற இன்னொரு வண்டியோட ஆயில எடுத்து அதே லேபுக்கு அனுப்பலாம்னு சொன்னேன், ஏரியா இன்ஜினியரும் சரின்னாரு. அந்த வண்டிக்கும் அதே மாடல் எஞ்சின், அதே ஆயில், கிட்டத்தட்ட அதே ஐடில், அதே ரீஜென் நிறுத்தம். தொலைதூரம் ஓடுற ஒரு வண்டியில இருந்தும் ஒரு சாம்பிள்.

தொலைதூர வண்டியில டீசல் கலப்பு 1 சதவீதத்துக்குள்ள. கிட்ட ஓட்டத்து வண்டியில 3 சதவீதம், ஆயில் பிசுக்கு கொஞ்சம் இறங்கியிருந்தாலும் 12.5-க்கு கீழ போகல, பேரிங் உலோகம் ஏறல. எஞ்சின் போன வண்டியில 9.

என் கணிப்புல இந்த மூணு நம்பர்தான் பேச்சோட தொனிய மாத்துச்சு. ரீஜென் பழக்கம் ஒரு பங்கு உண்டுன்னு ஓனரும் மறுக்க முடியல, அது மட்டும் இந்த எஞ்சின கொன்னிருக்காதுன்னு கம்பெனியும் மறுக்க முடியல. மூணே வண்டிய வச்சு ஆராய்ச்சி முடிவு சொல்ல முடியாதுதான், சாம்பிள் எடுத்த நாள்ல ஒவ்வொண்ணுலயும் ஆயில் ஓடியிருந்த கிலோமீட்டரும் ஒரே மாதிரி இல்ல. ஆனா மேஜையில வேற யாரும் இதவிட நல்ல ஆதாரம் வைக்கல.

மஞ்சள் லைட்டு விஷயத்தையும் ஏரியா இன்ஜினியர் எழுப்பினாரு. வண்டியோட புக்லயே மஞ்சள் வந்தா கிடைக்கிற நேரத்துல ஒர்க்‌ஷாப்ல காட்டு, சிவப்பு வந்தா உடனே நிறுத்துன்னுதான் இருக்கு, சிவப்பு வந்ததும் நிறுத்தியிருக்காங்கன்னு ஓனர் அந்தப் பக்கத்தக் காட்டினதும் அத மேல கொண்டுபோகல.

என்ன கிடைச்சுச்சு, என்ன கிடைக்கல

கம்பெனி இத வாரண்டின்னு ஒத்துக்கல, இன்ஜெக்டர் குறைன்னும் எழுதித் தரல. சர்வீஸ் அறிவிப்பு பத்தின கேள்விக்கு கடைசி வரைக்கும் பதிலே வரல. குட்வில்னு வந்த கடிதத்துல இருந்தது: கிராங்க், ராடு, பேரிங், பிஸ்டன், லைனர், ஆறு இன்ஜெக்டர் எல்லாம் கம்பெனி செலவு, லேபர்ல பாதி ஓனர், ஆயில், கூலன்ட், கேஸ்கெட் மாதிரி சில்லறை எல்லாம் ஓனர். வண்டி நின்ன நாள் வருமானம், இழுத்துட்டு வந்த செலவு, லோடு மாத்தின செலவு எதுவும் இல்ல. இந்த மாதிரி பின்விளைவு நஷ்டத்த வாரண்டிக்குள்ள இருக்கும்போதே விலக்கித்தான் எழுதியிருப்பாங்க, குட்வில்ல எதிர்பார்க்கவே முடியாது.

லேபர் பாதிங்கிறது ஓனருக்கு ஏமாற்றம். எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு, அந்த சுவிட்ச அழுத்தினது நம்ம பக்கம்தான.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கடிதத்த வரிவரியா படிச்சதுல ஒரு வாக்கியம் சிக்குச்சு: "பழுது வாகனத்தை இயக்கிய முறையால் ஏற்பட்டது என்பதை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்கிறார்." இதுல கையெழுத்து போட்டா நாளைக்கு மாட்டுற புது பாகம் போனாலும் இதையே தூக்கிக் காட்டுவாங்க, மத்த மூணு வண்டிக்கும் இது பாயும். அந்த வாக்கியத்த எடுக்கச் சொல்லி ஓனர் எழுதினாரு, "காரணம் குறித்து இரு தரப்பும் முடிவு செய்யவில்லை"ன்னு மாத்திக் குடுத்தாங்க. புதுசா மாட்டின பாகத்துக்கும் செஞ்ச வேலைக்கும் ஒரு வருஷம் வாரண்டின்னு அதே கடிதத்துல சேர்க்க வச்சோம்.

ரிப்பேர் நடந்தப்போ

முதல் எஸ்டிமேட்ல ஆயில் கூலர் இல்ல, கழுவி மாட்டிக்கலாம்னு எழுதியிருந்தாங்க. பேரிங் கரைஞ்ச எஞ்சின்ல பொடி போய் உட்கார்ற இடமே ஆயில் கூலரோட மெல்லிய வழிகள்தான், எவ்வளவு கழுவினாலும் முழுசா வராது, புது பேரிங் போட்டு ஓட்டின பிறகு கொஞ்சம் கொஞ்சமா அவுந்து வந்து அதையும் தின்னும். டர்போவுக்கும் அதே ஆயில்தான் போகுது. இத சொல்லிக் கேட்டதுல ஆயில் கூலர் புதுசு குடுத்தாங்க, டர்போவ பிரிச்சு ஷாஃப்ட் ஆட்டம் பார்த்து சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க. பிஸ்டனுக்குக் கீழ ஆயில் பீச்சுற ஜெட் ஆறையும் கழட்டி ஊதிப் பார்த்தாங்க, பிளாக்ல இருக்கிற ஆயில் வழிகளோட பிளக்க எடுத்து பிரஷ் விட்டு சுத்தம் பண்ணாங்க, இந்த வேலைக்கு ஓனரோட மெக்கானிக் பக்கத்துலயே நின்னாரு. பழைய கிராங்க கிரைண்டிங் பண்ணி அண்டர் சைஸ் பேரிங் போடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, அஞ்சாம் ஜர்னல் சூட்டுல நீலம் பாரிச்சிருந்ததால அது கைவிடப்பட்டுச்சு.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில் லைன்ல பிரஷர் ஏத்திட்டுத்தான் எஞ்சின சுத்த விட்டாங்க.

இப்போ மாத்தி வச்சிருக்கிறது

நாலு வண்டிக்கும் ஒவ்வொரு ஆயில் மாத்துறப்பவும் ஒரு பாட்டில் லேபுக்குப் போகுது. கிட்ட ஓட்டத்து ரெண்டு வண்டிக்கு ஆயில் இடைவெளிய பாதியா குறைச்சாச்சு. டிரைவருங்க வாரம் ஒரு தடவை, வண்டி சமதளத்துல ராத்திரி முழுக்க நின்ன பிறகு, கேஜ்ல ஆயில் எங்க நிக்குதுன்னு போட்டோ எடுத்து குரூப்ல போடணும், குறைஞ்சாலும் ஏறினாலும். கோட்டுக்கு மேல போனா ஜாப் கார்டுல "ஆயில் ஏறுது, காரணம் கண்டுபிடிச்சு எழுதவும்"னு எழுத வைக்கிறது ஓனரோட வேலை, "சரி பண்ணியாச்சு"ன்னு மட்டும் இருந்தா கையெழுத்து போடாம திருப்பி அனுப்புறாரு.

ரீஜென் சுவிட்ச் விஷயம்தான் இன்னும் முழுசா தீரல. லோடு ஏத்துற இடத்துல பேசி, கேட்டுக்கு வெளிய ஒரு ஓரத்துல வண்டிய நிறுத்தி ரீஜென முடிச்சுட்டு வர அனுமதி வாங்கியிருக்காங்க, ஆனா கூட்டமான நாள்ல வரிசையில இடம் போயிடும்னு டிரைவருங்க தயங்குறாங்க. முடிஞ்ச ரீஜென் எத்தனை, பாதியில நின்னது எத்தனைன்னு மாசா மாசம் ஸ்கேனர்ல எடுத்து வைக்கிறாங்க, நின்னது கூடுற மாசம் ஆயில முன்கூட்டியே மாத்திடுறாங்க.

ரிப்பேரான வண்டி அதே கிட்ட ஓட்டத்துலதான் ஓடுது. கடைசியா வந்த ரிப்போர்ட்ல டீசல் கலப்பு 2 சதவீதம்.